ஞானஸ்நானம் கழுவாத ரத்தம்

(திருவண்ணாமலையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் முதன்முதலில் அச்சான நூல் எது என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். தம்பிரான் வணக்கம், 1578, கொல்லம். பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று நாம் பெருமை பேசுகிறோமே, அது இந்தச் சிறு நூல்தான். அதை உருவாக்கியவர் போர்ச்சுக்கலில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் என்றீக்கே என்றீக்கஸ். அண்டிரிக் அடிகளார் என்றும் தமிழில் எழுதுவார்கள். 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பரதவர் மக்களோடு வாழ்ந்து, தமிழ் படித்து, தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1600இல் இறந்து தூத்துக்குடியில் புதைக்கப்பட்டவர்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. இவர் யூத வம்சத்தில் பிறந்தவர். இவருடைய முன்னோர் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டார்கள். இவர் பிறப்பிலேயே கிறிஸ்தவர். ஆனாலும் பிரான்சிஸ்கன் சபையில் துறவியாகச் சேர்ந்தபோது, யூத ரத்தம் என்று காரணம் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் இயேசு சபையில் சேர்ந்தார், கப்பலேறினார், தமிழுக்கு வந்தார்.

ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தில் பிறந்தவரிடம் உன் ரத்தம் என்ன ரத்தம் என்று கேட்கிற மதம் எப்படி உருவானது? இந்தக் கேள்வி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. சேரியிலிருந்து மாதா கோயிலுக்குப் போன நம் தாத்தா பாட்டிகளிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அதனால்தான் சாதி ஒழிப்பு பேசும் மேடையில் யூத வெறுப்பின் வரலாற்றைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஐரோப்பா. இயேசு யூதர். அவருடைய தாய் யூதர். சீடர்கள் யூதர்கள். ஒரே வீட்டுக்குள் நடந்த சண்டையாகத்தான் இது தொடங்கியது. கிறிஸ்தவம் ரோமப் பேரரசின் மதமாக ஆன பிறகு அந்தச் சண்டையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் அரசின் கை கிடைத்தது. இயேசுவைச் சிலுவையில் அறைந்தது ரோம ஆளுநரின் ஆணை. ஆனால் பழி முழு யூத இனத்தின் மேலும், அதுவும் தலைமுறை தலைமுறையாக, சுமத்தப்பட்டது. ஒருவன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அவன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என எல்லோரும் பொறுப்பு. முன்பிறவி வினை என்று நமக்குச் சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியா நகரில் ஜான் கிறிசோஸ்தோம் யூதர்களைக் கடுமையாக ஏசிப் பிரசங்கங்கள் செய்தார். ஏன் அவ்வளவு கோபம்? அவருடைய சபை மக்கள் யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், யூதர்களின் பண்டிகைகளில் கலந்துகொண்டிருந்தார்கள். சாதாரண மக்கள் பழகினார்கள். குரு நடுவில் சுவர் எழுப்பினார். வெறுப்பு மக்களிடம் தானாக முளைத்தது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அவருடைய சமகாலத்தவரான அகஸ்டின் வேறொரு கோட்பாடு சொன்னார். யூதர்களைக் கொல்லக் கூடாது, அவர்கள் சிதறடிக்கப்பட்டு, தாழ்ந்த நிலையிலேயே, கிறிஸ்தவ வேதத்துக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். உயிரோடு இரு, ஆனால் கீழே இரு.

பிறகு சட்டங்கள் வந்தன. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், யூதர்கள் ஆடையாலேயே வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என்று விதித்தது. இங்கே யார் மேலாடை போடலாம், யார் செருப்புப் போடலாம் என்று விதித்தார்களே, அதே வேலை. பல நாடுகளில் நிலம் வைத்திருக்கத் தடை, கைவினைச் சங்கங்களில் சேரத் தடை. மிஞ்சிய சில தொழில்களில் வட்டித் தொழில் ஒன்று. அதைச் செய்ய வைத்துவிட்டு, யூதன் என்றால் வட்டிக்காரன், பேராசைக்காரன் என்று பட்டம் கட்டினார்கள். முதலில் தொழிலைக் கட்டாயமாக்குவது, பிறகு அந்தத் தொழிலையே பிறவிக் குணமாக்குவது. மலக்குழியில் இறங்க வைத்தவர்கள்தான் சுத்தமில்லாதவர்கள் என்றும் சொன்னார்கள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு சிறுவன் இறந்தான். யூதர்கள்தான் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதை நகரம் நகரமாகப் பரவி எத்தனையோ உயிர்களைக் குடித்தது. 1290இல் இங்கிலாந்து யூதர்களை மொத்தமாக வெளியேற்றியது. 1516இல் வெனிஸ் நகரம் அவர்களை ஒரு தனிப் பகுதிக்குள் அடைத்து இரவில் கதவைப் பூட்டியது. அந்தப் பகுதியின் பெயர்தான் கெட்டோ. அம்பேத்கர் தன் கையெழுத்துப் படி ஒன்றில் தீண்டப்படாதவர்களை இந்தியாவின் கெட்டோவின் குழந்தைகள் என்று குறித்தது இந்தச் சொல்லை வைத்துத்தான்.

இதுவரை சொன்ன வெறுப்பில் ஒரு கதவு திறந்திருந்தது. யூதன் மதம் மாறினால் அவன் கிறிஸ்தவன். கோட்பாட்டளவிலாவது அப்படித்தான். அந்தக் கதவு மூடப்பட்ட இடம் ஸ்பெயின்.

1391இல் ஸ்பெயின் முழுக்க யூதர்கள் மீது கலவரம். உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் மதம் மாறினார்கள். மாறியவர்கள் படித்தார்கள், பதவிக்கு வந்தார்கள், பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். இது பொறுக்கவில்லை. 1449இல் தொலேதோ நகரில், யூத வம்சத்திலிருந்து வந்தவர்கள் எவ்வளவு காலமாகக் கிறிஸ்தவர்களாக இருந்தாலும் நகரப் பதவிகளில் அமரக் கூடாது என்று விதி போட்டார்கள். இரத்தத் தூய்மை என்கிற கோட்பாடு இங்கே சட்டமாகிறது. அதே ஆண்டில் போப்பாண்டவர் ஐந்தாம் நிக்கோலஸ் அதைக் கண்டித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் பிரிவு பார்க்கக் கூடாது என்பது திருச்சபையின் பழைய போதனை. ஆனால் நூறு ஆண்டு கழித்து, 1547இல், தொலேதோ பேராலயமே அதே விதியைக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் போப்பும் அரசரும் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள். பதவிக்கு, கல்லூரிக்கு, துறவு மடத்துக்கு விண்ணப்பிப்பவர் தன் வம்சாவளியில் யூதக் கலப்பு இல்லை என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும்.

1492இல் மதம் மாறாத யூதர்களை ஸ்பெயின் வெளியேற்றியது. பலர் போர்ச்சுக்கலுக்கு ஓடினார்கள். 1497இல் அங்கே எல்லோரையும் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மாற்றிவிட்டு அவர்களுக்குப் புதிய கிறிஸ்தவர்கள் என்று தனிப் பெயரும் வைத்தார்கள். மூன்று தலைமுறை கழித்தும் அவர்கள் புதியவர்கள்தான்.

இதே காலத்தில்தான் போர்ச்சுக்கீசியர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். இங்கே இருந்த பிறப்பு அடுக்கைப் பார்த்து ஒரு சொல்லை வைத்தார்கள். காஸ்தா. வம்சம், இனம் என்று அவர்கள் நாட்டில் வழங்கிய சொல். அதுவே ஆங்கிலத்தில் காஸ்ட் ஆனது. இங்கிருந்த சாதியை அவர்கள் உண்டாக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துபோனது. ரத்தத்தை அளந்து பார்க்கிற கண்ணோடு வந்தவர்களுக்கு, பிறப்பை அளந்து பார்க்கிற சமூகம் புதிராக இருக்கவில்லை.

அந்தக் கண் கோவாவில் என்ன செய்தது? 1543இல் ஜெரோனிமோ தியாஸ் என்கிற மருத்துவர், ரகசியமாக யூத நம்பிக்கை வைத்திருந்தார் என்று கோவாவில் எரிக்கப்பட்டார். 1546இல் பிரான்சிஸ் சவேரியார் போர்ச்சுக்கல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் இங்கே மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். 1560இல் மன்றம் வந்தது. அதன் தொடக்க கால இலக்கு, புதிய கிறிஸ்தவர்கள். கார்சியா த ஓர்தா என்ற மருத்துவர் 1563இல் கோவாவில் இந்திய மூலிகைகளைப் பற்றி ஒரு பெரிய நூலை அச்சிட்டார். 1568இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய தங்கையை எரித்தார்கள். 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். செத்த பிறகும் ரத்தம் விசாரிக்கப்பட்டது.

பின்னாளில் இந்த மன்றம் மதம் மாறிய உள்ளூர் மக்களைத்தான் அதிகம் வதைத்தது. இந்துத்துவவாதிகள் அதை மட்டும் உருவி எடுத்து மேடைதோறும் பேசுவார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள். அதே கோவாவில் மதம் மாறிய பார்ப்பனர்கள் பாமொண் என்ற பெயரில் கத்தோலிக்கப் பார்ப்பனர்களாகவே தொடர்ந்தார்கள். அவர்களுக்குக் கீழே சார்தோ, அதற்குக் கீழே சுதிர். யூதனின் ரத்தம் ஞானஸ்நானத்தில் கழுவப்படவில்லை என்று தண்டனை. பார்ப்பனனின் ரத்தமும் கழுவப்படவில்லை, அதற்கு மரியாதை. இரண்டும் ஒரே கோட்பாடுதான், தோழர்களே.

இப்போது அண்டிரிக் அடிகளாரிடம் திரும்புவோம். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா இரத்தத் தூய்மை விதிகளை ஏற்காதவர். அவருக்குப் பின் சபைத் தலைவரான லைனஸ் யூத வம்சத்தவர். அந்த நல்ல காலத்தில்தான் அண்டிரிக்குக்கு இடம் கிடைத்தது. ஆனால் 1593இல் அதே சபை, யூத வம்சத்தவரை இனிச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், இந்தக் கடற்கரையில் வேலை செய்துகொண்டிருந்தார். தமிழுக்கு அச்சு கொண்டுவந்தவரைப் போல இன்னொருவர் விண்ணப்பித்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள், ஐந்து தலைமுறை பார்த்தால் போதும் என்றார்கள். முழுதாக நீக்கியது 1946இல். யூதப் படுகொலை நடந்து முடிந்த பிறகு.

அந்த முடிவுக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, 1606இல், அதே சபையின் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தார். அவருடைய தமிழ்ப் புலமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்த ஏற்பாடு என்ன? மதுரையில் ஏற்கெனவே பரதவர்களுக்காக இருந்த கோயிலிலிருந்து விலகித் தனியே இருந்தார். தான் பறங்கி இல்லை என்றார். உயர்சாதியினர் மதம் மாறினாலும் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு அனுமதி கொடுத்தார். பின்னர் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். 1704இல் ரோமிலிருந்து வந்த தூர்னோன் என்கிற பேராயர், புதுச்சேரியில் ஒரு கட்டளை போட்டார். நோயில் படுத்திருக்கும் பறையர் வீட்டுக்குள் போய் நன்மை கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சாகக் கிடக்கிறவன் வீட்டுக்குள் போ என்று கட்டளை போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்? அந்தக் கட்டளையையும் எதிர்த்து நாற்பது ஆண்டு வழக்காடினார்கள். கடைசியில் பறையர்களுக்குத் தனிக் குருக்களை வைத்துச் சமாளித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தால், புதுச்சேரி மாதா கோயிலுக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி 1745இல் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் அந்தச் சுவரின் பேரன்.

கிறிஸ்தவம்தான் குற்றவாளி என்று சொல்லிவிட்டுப் போகலாமா? கொச்சியைப் பாருங்கள். அங்கே யூதர்களை வெறுக்கச் சொல்லும் பழக்கம் உள்ளூர் அரசர்களிடம் இல்லை. கொச்சி அரசர் கொடுத்த இடத்தில், தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, 1568இல் தொழுகைக்கூடம் எழுந்தது. 1662இல் அதைத் தாக்கிச் சேதப்படுத்தியவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். ஆனால் அந்தத் தொழுகைக்கூடத்துக்குள் என்ன நடந்தது? ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த பரதேசி யூதர்கள், வெள்ளை யூதர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டு, கறுப்பு யூதர்களையும் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சத்தவரையும் சமமாக ஏற்கவில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. அந்த அடிமை வம்சத்தில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி.சேலம், சொந்த மதத்தின் தொழுகைக்கூடத்தில் சம உரிமைக்காகச் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. ரத்தத்தின் பெயரால் துரத்தப்பட்டவர்களின் வழிவந்தவர்களே, இந்த மண்ணில் கால் வைத்ததும் ரத்தம் பார்த்தார்கள். பார்ப்பனியம் ஒரு மதத்துக்குள் மட்டும் குடியிருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

யூத வெறுப்பும் தீண்டாமையும் ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. யூதனை ஐரோப்பா அஞ்சியது. ரகசியமாக உலகை ஆள்கிறான் என்று கற்பனை செய்தது, அதனால் துரத்தியது, கடைசியில் அழித்தொழித்தது. தலித்தை இந்தியா துரத்தவில்லை. உழைப்புக்கு அவன் தேவை. ஊருக்கு வெளியே, ஆனால் கூப்பிடு தூரத்தில் வைத்தது. ஒன்றில் வெளியேற்றம், மற்றொன்றில் பிடித்துவைத்தல். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. மனிதனின் தகுதி அவன் பிறப்பில் இருக்கிறது, அவன் எதைச் செய்தாலும் அது மாறாது என்ற நம்பிக்கை. 1935இல் ஹிட்லரின் நூரம்பர்க் சட்டம் தாத்தா பாட்டி யார் என்றுதான் எண்ணியது. அதனால்தான் ஈடித் ஸ்டைன் என்கிற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியும் 1942இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் யூதராகப் பிறந்திருந்தார்.

இதிலிருந்து நமக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று. தமிழ்நாட்டில் பார்ப்பனர்களின் நிலை யூதர்களின் நிலை ஆகிவிட்டது என்று ஒரு புலம்பல் அவ்வப்போது எழும். யாரை ஆடையால் அடையாளப்படுத்தினார்கள், யாரைத் தனிக் குடியிருப்பில் அடைத்தார்கள், யாருடைய பிணத்துக்கும் தனிச் சுடுகாடு என்று கேட்டால் போதும், அந்த ஒப்பீடு நிற்காது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30இல், போலீஸ் பாதுகாப்போடு. கெட்டோவின் கதவு இங்கே யாருக்குப் பூட்டப்பட்டிருந்தது என்பதற்கு இந்தத் தேதி போதும்.

இரண்டாவது, நமக்குள் பேச வேண்டியது. காசாவில் குழந்தைகள் கொல்லப்படுவதைக் கண்டித்து நம் தோழர்கள் தெருவில் நின்றார்கள். நிற்கத்தான் வேண்டும். ஆனால் சில பதிவுகளில், சில மேடைப் பேச்சுகளில் யூதப் புத்தி, யூதச் சதி என்ற சொற்கள் வருகின்றன. இஸ்ரேல் அரசை எதிர்ப்பது அரசியல். ஒரு கூட்டத்தின் புத்தி பிறப்பிலேயே அப்படி என்பது மனுவின் வாக்கு. அது தொலேதோவில் 1449இல் எழுதப்பட்டது, கோவாவில் எரித்தது, நம் சேரிகளின் மேல் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. பிறப்பால் குணம் உண்டு என்பதை யாரோ ஒருவர் விஷயத்தில் ஒப்புக்கொண்டாலும், நம் விஷயத்தில் அதை மறுக்கும் உரிமையை இழந்துவிடுவோம்.

இந்த ஊருக்கும் இந்த வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியை அறியாதவர் இல்லை. அந்த மிஷன் நம் வட்டாரத்துக்கு வந்த கதையில் சாதிச் சண்டை இருக்கிறது. லைப்சிக் மிஷன் சாதியைச் சமூக வழக்கம் என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டது. அதை ஏற்காமல் வெளியேறியவர் ஓக்ஸ் என்கிற ஜெர்மன் பாதிரியார். மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணியைத்தான் 1860களில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் ஏற்றுக்கொண்டது. இவர்கள் எல்லோரும் மார்ட்டின் லூதரின் வழிவந்தவர்கள். அந்த லூதர் 1523இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்று எழுதினார். யூதர்கள் தன் வழிக்கு வரவில்லை என்றானதும் 1543இல் அவர்களுடைய தொழுகைக்கூடங்களை எரிக்கச் சொல்லி எழுதினார். நாஜிகள் அதைத் தேடி எடுத்துக் கொண்டாடினார்கள். சரியாக நானூறு ஆண்டு கழித்து, 1943 அக்டோபரில், டென்மார்க் யூதர்களைப் பிடிக்க நாஜிகள் வந்தபோது, அந்நாட்டு லூத்தரன் ஆயர்களின் கடிதம் கோயில் கோயிலாகப் படிக்கப்பட்டது. இயேசு பிறந்த இனத்தைத் துன்புறுத்துவதை ஏற்க முடியாது என்றது அந்தக் கடிதம். மீனவர்களும் சாதாரண மக்களும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் படகில் ஏற்றிச் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். ஒரே மதம், ஒரே குரு, இரண்டு முடிவுகள். மதத்தில் இருக்கிறது, மரபில் இருக்கிறது, என்ன செய்வது என்று கை விரிப்பவர்களுக்கு இது பதில்.

1965இல் கத்தோலிக்கத் திருச்சபை, இயேசுவின் மரணத்துக்கு எல்லா யூதர்களையும் பொறுப்பாக்க முடியாது என்று அதிகாரப்பூர்வமாக அறிவித்தது. எவ்வளவோ சாம்பலுக்குப் பிறகு. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் கல்லறைச் சுவர் காகிதத்தால் இடியாது.

இன்னொரு பக்கம் அரசு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித் பட்டியல் சாதியில் இல்லை. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. கோயிலுக்குள் போனால் ஞானஸ்நானம் உன் சாதியைக் கழுவவில்லை என்கிறார்கள். அரசு அலுவலகத்துக்குப் போனால் கழுவிவிட்டது என்கிறார்கள். உரிமை என்று வரும்போது மட்டும் அந்தத் தண்ணீருக்குச் சக்தி வந்துவிடுகிறது.

தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவரை அவர் நாடு ரத்தம் பார்த்துத் துரத்தியது. தமிழ் அவருடைய ரத்தத்தைக் கேட்கவில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்த எழுத்தைத்தான் பார்த்தார்கள். அந்த ஒரு காரியத்தை நம் கோயில்களும் கல்லறைகளும் அலுவலகங்களும் செய்யும் நாள் வரை, ரத்தத்தைக் கேட்கிற ஒவ்வொருவரையும் நாம் கேள்வி கேட்போம்.